பெர்க்லிக்குப் படிக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: இடதுசாரி கேம்பஸில் ஒட்டிப் பழகுவது எப்படி?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இடம் கிடைத்தவர்கள் முதலில் விசா, வாடகை, மளிகைக்கடை எல்லாவற்றையும் கேட்டு முடிப்பார்கள். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு வேறு வகைக் கேள்விகள் வரும். "அங்கே எல்லாரும் ஒரே அரசியல் பேசுவாங்களாமே, நமக்குச் சரிப்படுமா? ஏதாவது வாய் தவறிச் சொல்லிட்டா?" அங்கே படித்துவிட்டு இன்னும் அந்தப் பக்கத்திலேயே இருப்பதால் ஆண்டுதோறும் இந்தக் கேள்விகள் என்னிடம் வருகின்றன. அடிக்கடி வருபவற்றுக்குப் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். விசா தொடர்பானவற்றில் பெர்க்லி இன்டர்நேஷனல் ஆபீஸ் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

பெர்க்லி உண்மையிலேயே அவ்வளவு இடதுசாரியா? இல்லை, பழைய பெயர்தானா?

பெயர் சும்மா வரவில்லை. 1964 அக்டோபர் 1-ஆம் தேதி, கேம்பஸின் முற்றமான ஸ்ப்ரௌல் பிளாசாவில் மேசை போட்டு கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத்துக்கு ஆதரவு திரட்டிக்கொண்டிருந்த ஜாக் வைன்பெர்க் என்பவரைப் போலீஸ் காரில் ஏற்றியது. மாணவர்கள் காரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். சுமார் 32 மணி நேரம் கார் நகரவில்லை. காரின் கூரையே மேடையானது. மரியோ சாவியோ என்ற மாணவர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு மேலே ஏறிப் பேசினார். பேச்சுரிமை இயக்கம் என்று பெயர் பெற்ற இந்தப் போராட்டத்தில், அந்த டிசம்பரில் ஸ்ப்ரௌல் ஹாலுக்குள் உட்கார்ந்து சுமார் 800 பேர் கைதானார்கள். இன்று அந்தக் கட்டடத்தின் படிக்கட்டுக்குச் சாவியோவின் பெயர்தான். 1969-இல் சிறுபான்மை இன மாணவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தால்தான் அங்கே இனவியல் ஆய்வுத் துறையே வந்தது.

ஊரும் லேசுப்பட்டதில்லை. 1986-இல் தன்னை அணு ஆயுதமற்ற நகரமாக அறிவித்துக்கொண்டது. 1992-இல் கொலம்பஸ் நாளை எடுத்துவிட்டுப் பழங்குடி மக்கள் நாள் கொண்டாட ஆரம்பித்தது. 2019-இல் நகரசபை தன் சட்டத்தொகுப்பில் 'மேன்ஹோல்' என்ற சொல்லைக்கூட மாற்றியது, சாக்கடை மூடிக்கு ஆண்பால் எதற்கு என்று.

ஆனால் இது சுமார் 45,000 பேர் படிக்கும் இடம். கம்ப்யூட்டர் சயன்ஸ் நடக்கும் சோடா ஹாலிலோ, பிசினஸ் படிக்கும் ஹாஸ் பக்கமோ போய் நின்றால் காதில் விழுவதெல்லாம் மிட்டெர்ம், இன்டர்ன்ஷிப், ரூம் வாடகை. முழுநேர அரசியல் ஆட்கள் சிறு கூட்டம்தான், சத்தம் பெரிது. மற்றவர்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு வோட்டுப் போட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கிறவர்கள்.

இன்னொன்று, அங்கே தினசரிச் சண்டை லிபரல்களுக்கும் அவர்களுக்கு இடப்பக்கம் நிற்பவர்களுக்கும்தான். 1964-இல் மாணவர்கள் எதிர்த்து நின்ற பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர், நல்ல லிபரல். அவரை 1967-இல் வேலையை விட்டு அனுப்பியது வலதுசாரியான ரீகன் கலிஃபோர்னியா கவர்னரானபின் கூடிய நிர்வாகக் குழு. மனுஷன் இரண்டு பக்கமும் அடி வாங்கினார். வெளியூர்க்காரனுக்கு தி.க.வும் தி.மு.க.வும் கம்யூனிஸ்டும் ஒன்றாகத் தெரிவதைப் போலத்தான் உங்களுக்கும் முதல் செமஸ்டரில் இவர்கள் எல்லாரும் ஒன்றாகத் தெரிவார்கள்.

எனக்கு அரசியலே பேசப் பிடிக்காது. ஒதுக்கிவிடுவார்களா?

மாட்டார்கள். ஒட்டிப் பழகுவதற்கு அங்கே கேட்கப்படுவது கொள்கை குறைவு, நடத்தை அதிகம். ஒருவர் சொன்ன பெயரில் அவரைக் கூப்பிடுவது, முறை வந்தால் பாத்திரம் கழுவுவது, வருகிறேன் என்று சொன்னால் வருவது. இதைச் சரியாகச் செய்கிற ஆளிடம் வரி விகிதத்தைப் பற்றி யாரும் பரீட்சை வைப்பதில்லை.

பேச்சு அரசியலுக்குப் போகும்போது "இதைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, நீ ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்டாலே போதும். அமெரிக்கர்களுக்கு விளக்கம் சொல்வது பிடிக்கும். அரை மணி நேரம் ஓடிவிடும்.

ஸ்ப்ரௌல் பிளாசாவில் ஆளாளுக்கு நோட்டீஸ் நீட்டுகிறார்களாமே, வாங்கித்தான் ஆகவேண்டுமா?

வேண்டாம். செமஸ்டர் ஆரம்பத்தில் பேன்கிராஃப்ட் தெருவிலிருந்து சேதர் கேட் வரை நடந்தால் இரண்டு பக்கமும் மேசைகள். நடனக் குழு, கன்சல்டிங் கிளப், பைபிள் வகுப்பு, சோஷலிஸ்டுகள், சூரிய சக்திக் கார் கட்டுபவர்கள், எல்லாரும் ஒரே வரிசையில். பழகிய மாணவர்கள் காதில் இயர்போன் மாட்டி, போனைப் பார்த்தபடி நடுவில் நடந்துபோவார்கள். இயர்போனில் பாட்டு ஓட வேண்டும் என்றுகூட அவசியமில்லை. "நோ தேங்க்ஸ்" சொல்லிவிட்டு நடந்தால் யாரும் தப்பாக எடுப்பதில்லை.

ஆனால் முதல் இரண்டு வாரம் மட்டும் வாங்குங்கள் என்பேன். அந்த வரிசையில்தான் உங்கள் நண்பர்கள் கிடைப்பார்கள். கன்சல்டிங் கிளப்புகளில் சேர இன்டர்வியூ எல்லாம் உண்டு, பலரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெர்க்லியில் புதிதாக வந்தவரின் மனம் நோகும் இடம் உண்மையில் இதுதான். அரசியல் கிளப்புகள் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

என் கருத்துகள் கொஞ்சம் பழமையானவை. சாமி கும்பிடுவேன், சில விஷயங்களில் வலதுசாரி என்றே சொல்லலாம். மறைத்து வைக்க வேண்டுமா?

சாமி கும்பிடுவதை மறைக்க எந்தக் காரணமும் இல்லை. நெற்றியில் விபூதியோடு லேபுக்குப் போனால் "அது என்ன?" என்று கேட்பார்கள், சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். வெளியிலிருந்து வந்த மதம் என்றால் அங்கே ஒரு மரியாதையே உண்டு. உள்ளூர் எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவப் பையனுக்கு அந்தச் சலுகை அவ்வளவாகக் கிடைப்பதில்லை. இது நியாயமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன்.

அரசியல் கருத்து வேறு கதை. பெர்க்லி காலேஜ் ரிபப்ளிக்கன்ஸ் என்று வலதுசாரி மாணவர் அமைப்பு பல காலமாக இருக்கிறது. மாற்றுக் கருத்துள்ளவர்களை ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவைக்கும் பிரிட்ஜ் யுஎஸ்ஏ போன்ற குழுவும் உண்டு. ஆனால் 2017-இல் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். பிப்ரவரி 1-ஆம் தேதி மைலோ யியானோபௌலஸ் என்ற வலதுசாரிப் பேச்சாளர் பேச வந்தபோது வெளியிலிருந்து புகுந்த முகமூடிக் கூட்டம் கண்ணாடிகளை உடைத்து, தீ வைத்து, கூட்டமே ரத்தானது. அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு வலதுசாரிப் பேச்சாளரான பென் ஷபீரோ பேசினார். பாதுகாப்புக்கு மட்டும் சுமார் 6 லட்சம் டாலர் செலவு. பேச்சுரிமை இயக்கம் பிறந்த இடத்தில் ஒருவரைப் பேசவைக்க இவ்வளவு செலவு.

தினசரி வாழ்க்கையில் இப்படி எதுவும் நடக்காது. நடப்பது இதுதான்: நீங்கள் ஒரு கருத்தைச் சொல்வீர்கள், மேசையில் இரண்டு நொடி மௌனம், யாரோ பேச்சை மாற்றுவார்கள், அடுத்த வாரம் அழைப்பு வராது. சண்டை போடமாட்டார்கள். நம் ஊரில் டீக்கடையில் கத்திவிட்டு அடுத்த டீயைச் சேர்ந்து குடிக்கும் பழக்கம் அங்கே குறைவு. அதனால் ஒருவரோடு நாலு முறை சாப்பிட்டபின் பேச வேண்டியதை முதல் நாளே பேசாதீர்கள். கருத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. ஆளைத் தெரிந்தபின் சொன்னால் அதே கருத்தைக் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

தனி ஆட்களைப் பற்றியதாக இருக்கும் கருத்துகளில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். வரியைப் பற்றி என்ன சொன்னாலும் அது வாதம். தன்பால் ஈர்ப்பாளர்களைப் பற்றிச் சொல்வது, எதிரே உட்கார்ந்திருக்கும் உங்கள் லேப் நண்பரைப் பற்றிச் சொல்வதாக இருக்கக்கூடும். முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

அறிமுகத்தின்போது பிரோநவுன் சொல்லச் சொல்கிறார்களே, என்ன சொல்வது?

பெயர், துறை, ஊர் சொல்வதோடு உங்களை 'ஹி' என்பதா, 'ஷி' என்பதா, 'தே' என்பதா என்று சேர்த்துச் சொல்கிறார்கள். இரண்டு சொல், இரண்டு நொடி. சொல்லிவிட்டு உட்காருங்கள். சொல்லாமல் விட்டாலும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வேடிக்கை மட்டும் பண்ணாதீர்கள். அந்த வட்டத்தில் ஒருவருக்காவது அது வேடிக்கையில்லாத விஷயம். அடுத்தவருக்கு மாற்றிச் சொல்லிவிட்டால் "ஸாரி" என்று சொல்லித் திருத்திக்கொண்டு வாக்கியத்தைத் தொடருங்கள். மன்னிப்பை நீட்டினால் அவர்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டிவரும்.

என் பெயரை யாரும் ஒழுங்காகச் சொல்லமாட்டார்களே?

இங்கே இந்த கேம்பஸின் குணம் உங்களுக்குச் சாதகம். பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்வதை அங்கே மரியாதையாக நினைக்கிறார்கள், மறுபடி மறுபடி கேட்பார்கள். பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். சாம், கிரிஸ் என்று சுருக்கிக்கொள்ள அவசியமில்லை. 'ழ' வராது, அதை விட்டுவிடலாம்.

பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்து, விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று வந்துவிட்டவர்களுக்கு ஒரு தனி அவஸ்தை உண்டு. வருகைப் பட்டியலில் 'எஃப்என்யூ' என்று படிப்பார்கள், கைதூக்க வேண்டும். அப்பா பெயர் ஃபேமிலி நேமாகப் போய்விட்டால் ஈமெயிலில் எல்லாரும் அப்பாவைக் கூப்பிடுவார்கள். மாணவர்கள் விரும்பும் பெயரைப் பதிவுசெய்து வகுப்புப் பட்டியலில் வரவைக்கும் வசதி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. திருநர் மாணவர்கள் இப்படிப்பட்ட வசதிக்காகப் பல காலம் போராடினார்கள். பலன் முருகேசனுக்கும் சேர்த்துக் கிடைத்திருக்கிறது.

எந்தப் பேச்சை ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்?

"என்ன இப்படிக் குண்டாயிட்ட", "கறுத்துட்டியே", "சம்பளம் எவ்வளவு", "ஏன் இன்னும் கல்யாணம் பண்ணலை". நமக்கு இவை அக்கறை. அங்கே இவை நான்கும் நான்கு வகைக் குற்றம்.

கறுப்பின மாணவர்களைப் பற்றித் தமிழில்தானே பேசுகிறோம் என்று தமிழில் பேசுகிறவர்கள் உண்டு. தொனி புரியும். அதோடு எந்தத் தமிழ்ச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிந்தவர் பக்கத்து மேசையில் இருக்கும் வாய்ப்பு அந்த ஊரில் எக்கச்சக்கம். ராப் பாட்டில் வரும் அந்த 'என்' எழுத்துச் சொல்லைப் பாட்டோடு சேர்ந்து பாடுவதும் கூடாது. கறுப்பினப் பாடகர் பாடலாம், நீங்கள் கூடாது. ஏன் என்று விவாதிக்க ஆசைப்பட்டால் முதலில் அடிமை முறையின் வரலாற்றைக் கொஞ்சம் படித்துவிட்டு விவாதியுங்கள்.

சீன நண்பர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்பதும், 'சப்பை மூக்கு' என்பதும் அப்படித்தான். இதற்கு லிபரல் கேம்பஸ் வேண்டாம், எங்கேயுமே கூடாது. ஆனால் நாம் இதையெல்லாம் சொல்லி வளர்ந்தவர்கள் என்பதால் எழுதிவைக்கிறேன்.

சாதியைப் பற்றிக் கேட்பார்களா?

கேட்பார்கள். இதற்குத் தயாராகப் போங்கள், ஏனென்றால் கலிஃபோர்னியாவில் இது ஏட்டுச் சுரைக்காய் விஷயமில்லை. 2020-இல் சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று மாநில அரசே வழக்குப் போட்டது. குற்றம் சாட்டப்பட்ட இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை 2023-இல் அரசு விலக்கிக்கொண்டது. 2021-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகமும், 2022 ஜனவரியில் கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்களும் தங்கள் பாகுபாட்டு விதிகளில் சாதியைச் சேர்த்தன. மாநிலம் முழுமைக்கும் சட்டம் கொண்டுவர எஸ்பி 403 என்ற மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது, ஆனால் 2023 அக்டோபரில் கவர்னர் நியூசம் அதை நிராகரித்துவிட்டார். இருக்கும் சட்டங்களே போதும் என்றார்.

ஆகவே உங்கள் அமெரிக்க ரூம்மேட்டுக்கு இதெல்லாம் அரைகுறையாகத் தெரிந்திருக்கும். "நீ என்ன சாதி?" என்று நேரடியாகக் கேட்கக்கூடச் சிலர் தயங்குவதில்லை. என்ன பாடம் படிக்கிறாய் என்று கேட்பது போலக் கேட்பார்கள். பதில் சொல்லும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. "அது தனிப்பட்ட விஷயம், ஊரில் அப்படிக் கேட்பதே புண்படுத்தும்" என்றால் முகம் சிவந்து விலகிவிடுவார்கள்.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது நம் ஆட்களிடம்தான். வீடு பார்க்கும் வாட்ஸ்அப் குழுவில் "ப்யூர் வெஜ் ரூம்மேட் தேவை, எந்த ஊர், அப்பா என்ன பண்றார்?" என்று மூன்று கேள்வியில் சாதியைக் கண்டுபிடிக்கும் கலை பெர்க்லியிலும் நடக்கிறது. சமையலறையில் கறி வேண்டாம் என்று கேட்பது ஓர் ஏற்பாடு. அதைத் தாண்டிக் கேட்கப்படும் கேள்விக்கு என்ன பொருள் என்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். முற்போக்கு அரசியலை ஸ்ப்ரௌலில் பேசிவிட்டு வந்து இதைச் செய்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

"எங்கள் தலைமுறையில் சாதியே இல்லை" என்று மட்டும் மேசையில் சொல்லாதீர்கள். எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார், அவர் எதைக் கடந்து அங்கே வந்தார் என்று உங்களுக்குத் தெரியாது.

இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தால்?

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இது தங்கச் சுரங்கம். கலிஃபோர்னியாவில் அரசுப் பல்கலைக்கழகங்கள் இனத்தைப் பார்த்துச் சேர்க்கை தரக்கூடாது என்று 1996 நவம்பரில் மக்களே வோட்டுப் போட்டுத் தடை செய்தார்கள். புரொபொசிஷன் 209 என்பது அதன் பெயர். 2020-இல் அதை நீக்கப் பார்த்தார்கள், அதுவும் வோட்டில் தோற்றது. இவ்வளவு லிபரல் மாநிலத்தில்! 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கவே நிறுத்திவிட்டது. பெர்க்லியில் ஆசிய வம்சாவளி மாணவர்கள் ஏராளம், கறுப்பின மாணவர்கள் மிகக் குறைவு. வகுப்பறையைப் பார்த்தாலே தெரியும்.

அங்கே 69 சதவீதம் என்று நீங்கள் சொன்னால் கரண்டி கீழே விழும். 1951-இல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை நம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், பெரியார் தெருவில் இறங்கியதும், அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்ததும், இவற்றைப் பத்து நிமிடத்தில் சொல்லத் தெரிந்தால் அன்று இரவு முழுக்க உங்களை விடமாட்டார்கள். நீங்கள் இட ஒதுக்கீட்டை ஆதரிப்பவரா எதிர்ப்பவரா என்பதுகூட இரண்டாம்பட்சம். விவரத்தோடு பேசுகிறவருக்கு அங்கே இடம் உண்டு. "மெரிட் போச்சு" என்ற ஒற்றை வரியோடு போகிறவருக்குத்தான் கஷ்டம்.

கோ-ஆப் வீடுகளில் தங்கலாமா? ஹிப்பிகள் கூடாரமாமே?

பெர்க்லி ஸ்டூடண்ட் கோஆபரேட்டிவ் 1933-இல், பொருளாதார மந்தக் காலத்தில், வாடகை கொடுக்க வழியில்லாத மாணவர்கள் தொடங்கியது. வீடுகளை மாணவர்களே நடத்துகிறார்கள். வாடகை வெளியைவிடக் குறைவு, சாப்பாடும் சேர்ந்தது. பதிலுக்கு வாரம் ஐந்து மணி நேரம் வேலை செய்ய வேண்டும். சமைக்கலாம், பாத்ரூம் கழுவலாம், காய்கறி இறக்கலாம். லோத்லோரியன் என்று ஒரு சைவ வீடே உண்டு.

ஹிப்பி வாடை சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. உடையைப் பற்றி உங்களுக்குக் கூச்சம் இருந்தால் விண்ணப்பிக்கும் முன் வீட்டைப் போய்ப் பாருங்கள். ஆனால் ஒட்டிப் பழகும் வழி எது என்று கேட்டால் நான் இதைத்தான் கை காட்டுவேன். ஐம்பது பேருக்கு ராத்திரிச் சாப்பாடு செய்யும் முறை உங்களுடையது என்று வையுங்கள். பெரிய அண்டாவில் சாம்பார் வைக்கிறீர்கள். ஒருவர் வெங்காயம் வெட்டித் தருகிறார், இன்னொருவர் பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு இரண்டு அடி பின்னால் போகிறார். ஏழு மணிக்கு அதே ஆள் இரண்டாவது தட்டோடு வந்து நிற்பார். கொள்கை எதுவும் பேசாமலேயே அந்த வீட்டில் உங்களுக்கு ஒரு பெயர் வந்துவிடும். மறுவாரம் பாத்திரம் கழுவும் முறைக்கு டிமிக்கி கொடுத்தால் அந்தப் பெயர் போகவும் செய்யும். கோ-ஆப்பில் பெரிய அரசியல் சண்டைகளெல்லாம் கழுவாத பாத்திரத்தில்தான் ஆரம்பிக்கும்.

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துக்குப் போனால் ஒரு துண்டுச் சீட்டில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதிப் பாத்திரத்தின் முன்னால் வையுங்கள். முந்திரி, கடலை, பால், கோதுமை, இவை முக்கியம். நெய் ஊற்றியதை வீகன் என்று எழுதிவிடாதீர்கள். தேங்காய் சாதம் பெரும்பாலானோருக்குப் பிரச்சினை இல்லாதது, முந்திரி போடாமல் தாளித்தால்.

குடி, கஞ்சா?

வேண்டாம் என்றால் வேண்டாம் என்பதோடு முடிந்தது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை, நம் ஊர் பேச்சிலர் ரூம் மாதிரி "ஒரே ஒரு பெக்டா மச்சான்" என்று வற்புறுத்துவதும் குறைவு. குடிக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

கஞ்சாவில் ஒரு கண்ணி இருக்கிறது. 2016-இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பின் கலிஃபோர்னியாவில் 21 வயது ஆனவர்களுக்கு அது சட்டப்படி சரி. கடையே இருக்கிறது. ஆனால் அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் இன்னும் குற்றம், விசாவைப் பார்ப்பது மத்திய அரசு. பல்கலைக்கழக வளாகத்திலும் தடை. பயன்படுத்தியதாக விசா அதிகாரியிடம் ஒப்புக்கொண்டாலே சிக்கல் வரலாம். அமெரிக்க நண்பர் "இங்கே லீகல்தான்" என்று சொல்வது அவருக்குச் சரி.

டேட்டிங்கில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

2014-இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. கல்லூரிகளில் சம்மதம் என்றால் தெளிவாகச் சம்மதம் தெரிவிப்பது. பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது, எதிர்க்காததும் ஆகாது, போதையில் சொன்னதும் ஆகாது. ஒருமுறை கேளுங்கள், மறுத்தால் அத்தோடு விடுங்கள். மறுத்த பெண்ணின் பின்னாலேயே போய், லைப்ரரி வாசலில் நின்று, கடைசியில் மனதை மாற்றிய கதாநாயகர்களைப் பார்த்து வளர்ந்தோம். அங்கே அதற்குப் பெயர் ஸ்டாக்கிங். புகார் போனால் படிப்பு போகும், படிப்பு போனால் விசாவும் போகும்.

சிரித்துப் பேசுவது, கட்டிப்பிடித்து விடைபெறுவது, ஒன்றாகக் காபி குடிப்பது எல்லாம் சாதாரணம். அதில் வேறு அர்த்தம் எதையும் தேடாதீர்கள்.

போராட்டங்களுக்குப் போகலாமா? நண்பர்கள் கூப்பிடுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என்றால் "போய்ப் பாருங்கள், ஓரமாக நில்லுங்கள்" என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை.

2024 ஏப்ரலில் காஸா போரை எதிர்த்து ஸ்ப்ரௌல் படிக்கட்டுகளின் முன் கூடாரம் போட்டார்கள். மே மாத நடுவில் நிர்வாகத்தோடு பேசி, போலீஸ் வராமலேயே பிரித்தார்கள். அதுவரை சரி. 2025 மார்ச்சில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர் பத்திரிகையில் ஒரு கட்டுரையைச் சேர்ந்து எழுதிய துருக்கிய மாணவியைக் குடியேற்ற அதிகாரிகள் தெருவில் பிடித்துக்கொண்டு போனார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த ஓர் இந்திய மாணவி விசா ரத்தானதும் நாட்டை விட்டே போய்விட்டார். ஏப்ரலில் நாடு முழுக்கப் பல மாணவர்களின் விசாப் பதிவுகள் நீக்கப்பட்டன. போராட்டத்துக்கே போகாதவர்களும் அதில் இருந்தார்கள். வழக்குகள் குவிந்தபின் பதிவுகளைத் திருப்பித் தந்தார்கள். அந்த ஜூனில் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் சமூக வலைத்தளக் கணக்குகளைத் திறந்து வைக்க வேண்டும் என்றார்கள். செப்டம்பரில் பெர்க்லி நிர்வாகம், யூத எதிர்ப்பு பற்றிய மத்திய அரசு விசாரணைக்காக, மாணவர்கள், ஆசிரியர்கள் உள்ளிட்ட சுமார் 160 பேரின் பெயர்களைக் கொடுத்தது.

பேச்சுரிமை வெளிநாட்டு மாணவர்களுக்கும் உண்டு என்பதே சட்ட அறிஞர்களின் பொதுவான நிலை. ஆனால் வழக்கு ஜெயிக்கும் வரை யார் செலவு செய்வது, எங்கே இருப்பது என்பது வேறு கேள்வி. போவதா வேண்டாமா என்பது உங்கள் மனசாட்சி. கைதாகக்கூடிய போராட்டம் எது என்று ஏற்பாட்டாளர்களிடம் முன்பே கேளுங்கள். பெர்க்லியில் அதை ஒளிக்காமல் சொல்வார்கள், விசாவில் இருப்பவர்களைப் பின்வரிசையில் நிற்கச் சொல்வதும் உண்டு. வரமுடியாது என்றால் "நான் எஃப்-1 (மாணவர்) விசாவில் இருக்கிறேன்" என்ற ஒரே வரி போதும். விவரம் தெரிந்த எந்தப் போராளியும் அதற்கு மேல் வற்புறுத்தமாட்டார். வற்புறுத்தினால் அவருக்கு விவரம் தெரியாது.

ஆசிரியர் உதவியாளர்கள் ஸ்ட்ரைக் செய்தால் என்ன செய்வது?

பெர்க்லியில் இவர்களை ஜிஎஸ்ஐ என்பார்கள். 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் அனைத்திலுமாக இவர்களும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து சுமார் 48,000 பேர் வேலையை நிறுத்தினார்கள், டிசம்பர் கடைசி வரை போனது, சம்பளம் உயர்ந்தது. நீங்களே ஜிஎஸ்ஐ என்றால் யூனியன் உங்களுடையதும்தான், சட்டப்படியான ஸ்ட்ரைக்கில் வெளிநாட்டு மாணவர்களும் கலந்துகொண்டார்கள். கலந்துகொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் மறியல் வரிசையைத் தாண்டி உள்ளே போய் அடுத்தவரின் வேலையைச் சேர்த்துச் செய்து கொடுத்தால் அது பல வருடம் நினைவில் இருக்கும். துறையில் நண்பர்கள் வேண்டுமென்றால் அதைச் செய்யாதீர்கள்.

தப்பாக ஏதோ சொல்லிவிட்டேன். எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். முடிந்ததா?

முடியவில்லை. புண்பட்டவர் யார் என்று தெரிந்தால் தனியாகப் போய், "நான் சொன்னது சரியில்லை, ஸாரி" என்று சொல்லுங்கள். "எங்க ஊர்ல இதெல்லாம் சகஜம்" என்ற விளக்கம் வேண்டாம், அது இரண்டாவது தப்பு. குரூப் சாட்டில் நீளமாக எழுதுவதும் வேண்டாம். பெரும்பாலானோர் அத்தோடு விட்டுவிடுவார்கள். விடாதவர்களும் சிலர் உண்டு. ஒருவரை ஒரே வாக்கியத்தால் எடைபோட்டு முடித்துவிடும் பழக்கம் அந்த கேம்பஸின் உண்மையான குறை. உங்கள் மன்னிப்பு நேர்மையாக இருந்தும் ஏற்காதவர்களின் பின்னால் அலையாதீர்கள். 45,000 பேர் இருக்கிறார்கள்.

பேசாமல் தமிழ் ஆட்களோடேயே இருந்துவிட்டால் என்ன?

முதல் செமஸ்டருக்கு அது தப்பே இல்லை. பருப்புப் பொடியும் தமிழ்ப் பேச்சும் இல்லாமல் அந்தக் குளிரான ஆகஸ்டைத் தாண்டுவது கஷ்டம். ஆமாம், பெர்க்லியில் ஆகஸ்ட் குளிரும், ஸ்வெட்டரைப் பெட்டியின் மேலேயே வையுங்கள். ஆனால் ரூம், லேப், வாரக்கடைசி மூன்றிலும் அதே நாலு பேர் என்றால் இரண்டு வருடம் கழித்து நீங்கள் பார்த்தது பெர்க்லியாக இருக்காது. மூன்றில் ஒன்றை மாற்றுங்கள். பீட்மாண்ட் அவென்யூவில் 1930-இல் திறந்த இன்டர்நேஷனல் ஹவுஸ் இதற்கென்றே கட்டியது. பல நாட்டு மாணவர்களும் அமெரிக்கர்களும் சேர்ந்து தங்கும் இடம். வெள்ளையர் அல்லாதவர்களும் ஆணும் பெண்ணும் ஒரே கட்டடத்தில் தங்குவதா என்று அன்று அந்த ஊரே எதிர்த்தது. பெர்க்லியும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

தமிழ் வேண்டுமென்றால் வகுப்பிலேயே இருக்கிறது. தெற்காசியத் துறையில் தமிழுக்கென்று இருக்கையும் உண்டு, மொழி வகுப்புகளும் உண்டு. சங்கப் பாட்டு படிக்கும் அமெரிக்கரிடம் 'யாயும் ஞாயும்' பற்றிப் பேசும்போது நமக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும், பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டோமே என்று.

பெற்றோர் கேட்பது: என் மகன் அங்கே போய் மாறிவிடுவானா?

மாறுவான். காய்கறி வெட்டுவான், பாத்ரூம் கழுவுவான், அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு அவனே பரிமாறுவான். சாப்பாட்டு நேரத்தில் சாதியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு உங்கள் வாயை அடைப்பான். ஓட்டு யாருக்குப் போடுவான் என்பதை என்னால் சொல்ல முடியாது. போனில் தினமும் அரசியல் கேட்டு அவனைச் சோதிக்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பிளேன் ஏறும்போது மிளகாய்ப்பொடி கொடுத்தனுப்பும்போது பிராண்ட் சீலோடு அனுப்புங்கள், கஸ்டம்ஸில் கேட்டால் காட்ட வசதி.